ஈரம் நின்ற மறுநாள்

கால்களை நான் இன்னும் பார்க்கவில்லை. போர்வைக்கு அடியில், முழங்கால்வரை இறுக்கிப் பிடித்திருக்கும் வெள்ளைக் காலுறைக்குள் இரண்டும் கிடக்கின்றன. விழித்து வெகுநேரமாகிவிட்டது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறிவிட்டது, வராந்தாவில் யாரோ பினாயில் தண்ணீரை இழுத்துத் துடைக்கிறார்கள், நர்ஸ் ஜெபராணி வந்து ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டாள், என் வீட்டுக்காரர் டீ வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். நான் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே யாருமே இல்லாததுபோலப் படுத்திருக்கிறேன். விலாவுக்குக் கீழே பக்கத்துக்கு மூன்றாகச் சின்னத் துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான் வெளியே தெரிகிற ஆபரேஷன். அங்கே அதிகம் வலிக்கவில்லை. தோள்தான் வலிக்கிறது. கருவி நுழைவதற்கு இடம் வேண்டுமென்று உள்ளே காற்றை ஊதுவார்களாம், அது கரையும்வரை தோளில் வலி இருக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். விலாவுக்குக் கீழே ஊதிய காற்றுக்குத் தோளில் என்ன வேலை? உடம்புக்குள் எது எதோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கிறது என்று யார் கண்டது. டாக்டர் அருமைநாயகம் முதல் தடவை விளக்கியபோதும் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். “கால்ல வேர்க்குறதுக்கு முதுகெலும்புப் பக்கத்துலயா வெட்டுவீங்க?” என்று கேட்டேன். “தெருவுல குழாய் ஒழுகினா வால்வு எங்க இருக்குன்னுதானம்மா தேடுவோம்?” என்றார். நேற்று சாயங்காலம் வால்வை மூடிவிட்டார்கள். மூடிவிட்டதாகச் சொன்னார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காதவரை எனக்கு இரண்டு வாழ்க்கையும் இருக்கிறது.

வேர்வை என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எனக்கும் வேர்க்கும் என்பார்கள். அது இல்லை இது. மார்கழியில், காலையில், விசிறிக்கு நேரே நீட்டி வைத்திருக்கும்போதே பாதத்தின் ரேகைகளில் முத்து முத்தாக ஊறும், சேரும், வழியும். துடைத்தால் இன்னும் கோபமாக வரும். ரப்பர் செருப்பு போட்டால் பிசுக் பிசுக் என்று நான் வருவதை ஊருக்கே சொல்லும், தோல் செருப்பு அழுகி நாறும். படிகாரத் தண்ணீர், டீத்தூள் கஷாயம், பவுடர், பிறகு லேசாகக் கரண்டு விட்ட தண்ணீர்த் தட்டில் காலை வைத்துக்கொண்டு உட்காருகிற ஒரு வைத்தியம், எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு வாய்த்த வேலையும் வெறுங்காலில் நிற்கிற வேலை. திருநெல்வேலியில் பெரிய ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு, மேடையெல்லாம் வெள்ளை விரிப்பு. புடவையை உதறி விரிப்பதில் எனக்கென்று ஒரு கைவாகு உண்டு. முந்தி போய் விழுகிற இடத்தில் கல்யாணப் பெண்ணின் கண்ணும் போய் விழும். குழல்வாய்மொழி இருக்காளா என்று பெயர் சொல்லி வருகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் மதியத்துக்குள் நான் நின்ற இடமெல்லாம் விரிப்பில் சாம்பல் நிறத்தில் பாதம் பாதமாக விழுந்திருக்கும். ஒரு முகூர்த்த நாள், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை, வாங்க வந்த அம்மாள் அதன் பக்கத்தில் இருந்த ஈரத் தடத்தில் உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். சட்டென்று கையை எடுத்து முகர்ந்தாள். ஆம், முகர்ந்தாள். “யாரு இங்க தண்ணிய சிந்துனது?” புடவையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. மறுநாளிலிருந்து என்னைப் பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், காலைப் பார்த்துச் சொன்னார். அந்த வெள்ளை விரிப்பு. எத்தனை கனவில் அந்த விரிப்பில் நடந்திருக்கிறேன், கனவிலும் அது ஈரமாகத்தான் இருக்கும்.

அதற்காக இல்லை இந்த ஆபரேஷன். வேலைக்காக என்றால் பார்சல் கட்டியே காலத்தைத் தள்ளியிருப்பேன். என் மகள் நிறைமதி நடக்கத் தொடங்கிய புதிது, குளித்துவிட்டு நான் சமையலறைப் பக்கம் போகிறேன், அவள் பின்னாலேயே தத்தித் தத்தி வருகிறாள். திரும்பிப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் என் ஈரத் தடம், அதற்குள்ளே அதைவிடச் சின்னதாக இன்னொரு ஈரத் தடம். முதலில் தண்ணீரில் மிதித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தூக்கி, காலைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இலை நுனியில் பனி வருவதுபோல, ஒவ்வொரு சின்ன விரலுக்கு அடியிலும் வந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் வீட்டுக்காரர் ஆவுடையப்பனே பயந்துவிட்டார். அவர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர், கை எப்போதும் வார்னிஷ் வாசம். கல்யாணமான புதிதில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கட்டில் காலில் ஒரு பழைய துண்டைக் கட்டி வைத்தார், வண்டியில் நான் கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார், முடிந்தது. “இதுக்குப் போயா அழுத? ஒனக்கு இருக்கு, அவளுக்கும் இருக்கு. ஒரு துண்டு கூடப் போட்டாப் போச்சு” என்றார். போகாது. பிள்ளைக்கு ஒன்பது வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் காலணியைக் கழற்றச் சொன்னால் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுகிறாள். என் அம்மையிடம் நான் சொன்ன அதே வயிற்றுவலி. இது சரியாகிற சீக்கென்றால் எனக்குச் சரியாகட்டும் முதலில், கத்தி முதலில் என் மேல் படட்டும், என்ன ஆகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன், இப்படித்தான் இந்தக் கட்டிலுக்கு வந்தேன். வந்துவிட்டு இப்போது பார்க்கப் பயப்படுகிறேன்.

பயம் எதற்கு என்று தெரியும். அதைச் சுற்றித்தான் காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். அப்பாவிடமிருந்துதான் எனக்கு இது வந்தது. அப்பா பஸ் கண்டக்டர், கோமதிநாயகம் என்றால் செங்கோட்டை வழித்தடத்தில் தெரியும். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் காலுறையைப் பிழிந்து கொடியில் போடுவார், மழையில் நனைந்த துணியைப் பிழிவதுபோல, சிரித்துக்கொண்டே. கோடைக்காலத்தில் நானும் அவரும் எதிரெதிரே காலை நீட்டிக்கொண்டு யார் தடம் சீக்கிரம் காய்கிறது என்று பந்தயம் கட்டுவோம். அவர் இறந்த அன்று, குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தொட்டேன். காய்ந்திருந்தது. சுத்தமாக, பலகை மாதிரி காய்ந்திருந்தது. அதுவரை நான் அழவில்லை, மார்பில் காதை வைத்துப் பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், அந்தக் கால் காய்ந்திருந்தபோதுதான் அப்பா போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆக, என் கைக்குத் தெரிந்து, இந்த வேர்வை வந்தவர்களில் காய்ந்த கால் என்பது ஒன்றே ஒன்றுதான். இப்போது இந்த உறைக்குள் கிடப்பது என்ன? உயிருள்ள என் உடம்பின் முனையில் அப்பாவின் காலைத் தைத்துவிட்டார்களா? விரலை அசைத்துப் பார்க்கிறேன். அசைகிறது. அசைவது யார் என்று தெரியவில்லை. எதையோ அடைத்துவிட்டார்கள், அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? “சிலருக்கு முதுகுல, வயித்துல கூடுதலா வேர்க்கும். எப்படி ஆகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதும்மா” என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கிறேன். லேசாக ஈரம். படுக்கையின் சூடா, அதுவா? மறுபடியும் பார்க்கிறேன்.

“ஸ்டாக்கிங்ஸ கழட்டிருவோமாக்கா? நடக்கணும்லா இனி” என்று ஜெபராணி வந்து நிற்கிறாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பிள்ளை, மதுரைக்கு வந்தும் பேச்சு மாறவில்லை. இரு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போர்வையை விலக்கிவிட்டாள். முழங்காலிலிருந்து உருட்டி உருட்டி இறக்குகிறாள், கணுக்கால், குதிகால், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், இதோ ஒட்டிக்கொள்ளும், எப்போதும் காலுறை கடைசியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும், அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறேன். அது வரவில்லை. வாழைப்பூ மடல் கழன்று வருவதுபோலக் கழன்று வந்துவிட்டது. “எக்கா, எதுக்குக் கண்ண மூடிருக்கிய? பாருங்க, ரோஸ் கலர்ல பிள்ளைக் காலு மாதிரி இருக்கு.” பார்த்தேன். எப்போதும் வெளிறி, ஊறி, சுருங்கிக் கிடக்கிற பாதம், உள்ளே விளக்கு ஏற்றியதுபோலச் சிவந்திருந்தது. கையை நீட்ட விலா இழுத்தது, ஜெபராணி முதுகைப் பிடித்துக்கொண்டாள். தொட்டேன். காய்ந்திருந்தது. ஆனால் சூடாக இருந்தது. கடவுளே, சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றிபோல, அடுப்பிலிருந்து இறக்கி ஆறப்போட்ட பாத்திரம்போல. என் கால் பிறந்ததிலிருந்து மீன் மாதிரி குளிர்ந்திருக்கும், கோடையிலும் அப்படித்தான். காய்ந்தும் சூடாகவும் என் கால் இருக்க முடியும் என்பது, அதாவது ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல, எனக்குத் தெரிந்தே இருக்கவில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை. கட்டைவிரலால் உள்ளங்காலைத் தேய்த்தேன். சரசரவென்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம், பட்டின் மடிப்பில் நகம் ஓடுகிற சத்தம். என் உடம்பில் இப்படியொரு சத்தம் இருக்கிறதா? டீத் தம்ளரோடு வந்த ஆவுடையப்பன் கட்டிலின் அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டார். “என்ன, வலிக்கா?” என்றார். “சத்தம் கேக்கு” என்றேன். “என்ன சத்தம்?” “என் காலு.” அவர் ஜெபராணியைப் பார்த்தார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார்.

டாக்டர் வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், விரல்களுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார், மூக்கைச் சுளிக்காமல், துணியின் தரம் பார்ப்பவர்போல. “ஆபரேஷன பாக்கணுமா? பதிவு பண்ணி வச்சிருக்கோம்” என்று செல்போனை நீட்டினார். ஆவுடையப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். ரத்தமும் நிணமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு இடம். குகையென்று சொல்லலாம், நல்ல வெளிச்சம் போட்ட குகை. மாம்பழ மஞ்சளில் கொழுப்பு திரைத்திரையாகத் தொங்குகிறது, அரக்குச் சிவப்பில் ஒரு தசை நீளப் படுத்திருக்கிறது, அதற்கு அப்பால் மயில்கழுத்து நீலத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய், அது மூச்சு விடுவதுபோல அசைகிறது. நான் அங்கே மயங்கிக் கிடக்கிறேன், எனக்குள்ளே இது அசைந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இந்த நிறங்களைத்தான் நான் மேடையில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், பாருங்கம்மா, இந்தச் சேர்க்கை வேறெங்கும் கிடைக்காது என்று. இதே நிறங்கள் என் விலாவுக்கு உள்ளே இருட்டில், யாரும் பார்க்காமல், விரித்தபடியே இருந்திருக்கின்றன. “இதுதான் அந்த நரம்பு” என்று டாக்டர் சுட்டினார். நீலக் குழாயின் ஓரத்தில், எலும்பை ஒட்டி, ஒரு வெள்ளை இழை. இழையில் இடைவிட்டு முடிச்சுகள். அவ்வளவுதான். பட்டு நூல் அறுந்த இடத்தில் போட்டு ஓட்டுகிற முடிச்சுபோல. “இதுவா?” “இதேதான்.” என்னைப் பார்சல் கட்ட அனுப்பியது இது. அப்பாவின் காலுறையைப் பிழிய வைத்தது, என் பிள்ளைக்கு வயிற்றுவலி வரவைப்பது இந்த இழை. எனக்கு அதன் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் தூங்கும்போதும் தூங்காமல், பிறந்த நாள் முதல் ஒருநாள் விடுப்பு எடுக்காமல், யாரோ போட்ட உத்தரவைக் கொஞ்சம் அதிகமாகவே நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கருவி மெதுவாக வந்தது, அதன் அடியில் நுழைந்து தூக்கியது, இழை கொஞ்சம் துள்ளியதுபோல இருந்தது. பிறகு அது அங்கே இல்லை. “வெட்டின கொஞ்ச நேரத்துல உங்க பாதம் சூடாக ஆரம்பிச்சிருச்சு. உள்ளங்கால்ல ஒரு கருவி ஒட்டியிருந்தோம், மயக்க டாக்டர் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருந்தார், ஏறுது, ஏறுதுன்னு” என்றார். அந்த நேரம் நான் எங்கேயும் இல்லை. கனவுகூட இல்லை. வீட்டில் ஆளே இல்லாதபோது ஒரு அறையில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது, வேற்று மனிதர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். “டாக்டர், என் மகளுக்கு…” என்று இழுத்தேன். கைபேசியைப் பைக்குள் போட்டபடியே சொன்னார்: “அவசரப்படாதீங்க. சின்னப் பிள்ளை. வளரட்டும், வேற வழியெல்லாம் பாப்போம். அப்புறம் வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்.”

அவளே கேட்டாள், ஆனால் இதை இல்லை. பிள்ளையை விட்டுவந்திருந்த அவர் தங்கச்சி வீட்டுக்கு ஆவுடையப்பன் போன் போட்டு என் காதில் வைத்தார். “அம்மா, காஞ்சிருச்சா?” “காஞ்சிருச்சு மதி.” “சுத்தமாவா?” “சுத்தமா.” துள்ளுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன், அவளுக்குப் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம், “அப்போ இனிமே நம்ம வீட்ல எனக்கு மட்டுந்தான் வேர்க்குமா?” என்றாள். இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லையே. அவளுக்காக முன்னால் போகிறேன் என்று கிளம்பினேன், முன்னால் போகிறவள் விட்டுவிட்டும் போகிறாள். அப்பா போன பிறகு நான் யாரோடும் பந்தயம் கட்டவில்லை. இவள் பிறந்த பிறகுதான் அந்தத் தரையில் மறுபடியும் இரண்டு பேர் ஆனோம். “அம்மா?” “டாக்டர் வாராவ, அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டேன். டாக்டர் வந்து போயாகிவிட்டது. மின்விசிறி சுற்றியது. முதுகு நனைந்திருந்தது, இந்தத் தடவை சந்தேகமே இல்லை, நனைந்துதான் இருந்தது. இருக்கட்டும், தண்ணீர் தனக்கு ஒரு வழி பார்த்துக்கொள்கிறது. எனக்கு முதுகு பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கு மட்டுந்தானா, எனக்கு மட்டுந்தானா என்று அந்தக் குரல் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு சுற்றியது.

மதியம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஜெபராணி கூடவே வந்தாள். தரையில் இத்தனை விஷயம் இருக்கிறதா! ஒரு டைலுக்கும் அடுத்த டைலுக்கும் நடுவில் இருக்கிற கோடு காலில் தெரிந்தது. ஒரு மணல் துகள் குதிகாலில் உருண்டது, ஒட்டவில்லை, உருண்டது, உருண்டு விலகிப் போனது. இதுவரை எனக்கும் பூமிக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரிப்பு தண்ணீர் இருந்திருக்கிறது. நான் எதையும் நேராக மிதித்ததே இல்லை. ஒவ்வொரு அடியும் இறுகப் பிடித்தது, வழுக்கவில்லை. வழுக்காமல் இருக்க விரல்களை மடக்கி நடக்கிற பழக்கம், அது தேவையில்லை என்று விரல்களுக்குத் தெரியாமல் மடங்கிக்கொண்டே இருந்தன. மெதுவாக நீட்டினேன். “நல்லா நடக்கியளே” என்று சொல்லி வாசலில் கையை விட்டுவிட்டு ஜெபராணி திரும்பிப் போனாள். ஆவுடையப்பன் பையை எடுத்துக்கொண்டு வாடகைக் கார் எங்கே நிற்கிறதென்று பார்க்கப் போயிருந்தார், என் செருப்பும் பையோடு போய்விட்டது. நிழல் முடிகிற இடத்தில் நின்றேன். எதிரே சிமெண்டு முற்றம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவரைத் தேடி ஒரு அடி எடுத்து வெளியே வைத்தேன். ஏதோ கடித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். காலைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். சுட்டது. தரை சுட்டது. கையில் பிடித்திருந்த போன் அப்போதுதான் அடித்தது, மதியின் அத்தை வீட்டு நம்பர்.

“எங்கம்மா நிக்க?” “ஆஸ்பத்திரி வாசல்ல. மதி, தரை சுடுது மதி.” என் குரல் எனக்கே வேடிக்கையாக இருந்தது. “செருப்பு போடலையா?” “இல்ல.” “எனக்கெல்லாம் சுடாதே!” என்றாள். குரலில் சின்னதாக ஒரு நிமிர்வு. “அத்த வீட்டு மொட்டமாடில அண்ணன்லாம் ஐயோ அம்மான்னு குதிச்சுக்கிட்டு ஓடுவான். நான் மெதுவா நடந்து போயி வத்தல அள்ளிட்டு வருவேன். அத்த என்னையத்தான் அனுப்புவா. எனக்குக் காலே சுடாது. ஒனக்கும் சுடாதுல்லா, அம்மா?” சுட்டதில்லை. உச்சி வெயிலில் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், நான் மட்டும் பின்னால் நிதானமாக வருவேன், என்ன பாசாங்கு என்று நினைத்துக்கொள்வேன். பாசாங்கு இல்லை. நெருப்பு மாதிரிக் கல்லின் மேல் என்னை ஏதோ ஒன்று கையில் ஏந்திக்கொண்டு போயிருக்கிறது, நான் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். “இல்ல மதி. எனக்குச் சுட்டதே இல்ல. இன்னைக்குத்தான்.” “அப்போ இப்ப எப்பிடி இருக்கு? சுட்டா எப்பிடி இருக்கும்? எனக்குத் தெரியாதுல்லா, சொல்லேன்.” தூரத்தில் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவுடையப்பன், “ஏட்டி, வெயில்ல ஏன் நிக்க? நெழலுக்குப் போ!” என்று கையை ஆட்டினார். கேட்கிறது என்று நானும் கையை ஆட்டினேன். “சொல்லுதேன், இரு” என்று சொல்லிவிட்டு, நிழலில் மிச்சமிருந்த இன்னொரு காலையும் எடுத்து வெயிலில் வைத்தேன். “மொதல்ல ஒண்ணுமே தெரியாது மதி. அப்புறம் ஓரத்துலேருந்து ஏறும்…” இந்தத் தடவை அந்தப் பக்கம் மிக்சி ஓடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.